அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு, தீபாவளிப் பட்டாசு பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தீபாவளி விழாவுக்கு நீங்கள் அனுப்பும் அழைப்பிதழில் எல்லாமே இருக்கிறது. பட்டிமன்றத் தலைப்பு, இலைச் சாப்பாட்டில் என்னென்ன, உறுப்பினருக்கு எவ்வளவு, மற்றவர்களுக்கு எவ்வளவு, வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது. பட்டாசு பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. ஆனால் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று வருகிற எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அந்த விடுபட்ட வரிக்காகத்தான் இந்த மடல். உங்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் ஊரில் எந்தப் பட்டாசு சட்டப்படி சரி, எது குற்றம் என்று அழைப்பிதழிலேயே தமிழில் போடுங்கள். விழாவில் கொளுத்துவதாக இருந்தால் அனுமதி வாங்கிக் கொளுத்துங்கள். சட்டத்தில் தீபாவளிக்கு இடம் இல்லாத ஊர்களில், சங்கத்தின் பெயரால் போய் அந்த இடத்தைக் கேளுங்கள்.

நான் மத்திய நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவள். தீபாவளிக்கு முந்தின வாரம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் "இங்கே வெடி வெடிக்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள். பதில்கள் வந்து குவியும். "எங்க தெருவுல வெடிச்சோம், ஒண்ணும் ஆகல." "ஜூலை நாலு சுதந்திர தினத்துக்கு அமெரிக்கக்காரங்க வெடிக்கலையா?" "பென்சில்வேனியாவுல கடையிலேயே விக்கிறாங்க, அப்புறம் எப்படித் தப்பாகும்?" இந்தக் கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு யாரும் நிதானமாகப் பதில் சொல்வதில்லை. நானே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த நாட்டில் பட்டாசுக்கு ஒரே சட்டம் கிடையாது, அடுக்கடுக்காக இருக்கிறது. மேல் அடுக்கு மத்திய அரசுடையது. தரையில் வைத்து வெடிக்கும் ஒரு வெடிக்குள் 50 மில்லிகிராமுக்கு மேல் வெடிமருந்து இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. எம்-80, செர்ரி பாம் போன்ற பெரிய வெடிகளை 1966-லேயே தடை செய்துவிட்டார்கள். நம் ஊர் அணுகுண்டெல்லாம் இந்த அளவுக்குள் வரவே வராது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் அது குற்றம்தான். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் நாலு கம்பி மத்தாப்புப் பாக்கெட் வைத்துக் கொண்டு வரலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே அடுக்கில் பதில் இருக்கிறது. கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் எந்தப் பட்டாசும் ஏற்றக் கூடாது.

அடுத்த அடுக்கு மாநிலம். நியூ ஜெர்சியில் 2017 வரை கம்பி மத்தாப்புக்குக்கூட இடமில்லை. அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 16 வயதானவர்கள் கம்பி மத்தாப்பு, தரையில் வைத்துப் பூப்பூவாகச் சிதறும் புஸ்வாண வகை, பாம்பு மாத்திரை, தரையில் எறிந்தால் 'பட்' என்று சொல்லும் வெங்காய வெடி மாதிரியான சின்னச் சாமான்கள் எல்லாம் வாங்கலாம். வெடிப்பதும் மேலே பறப்பதும் கூடாது. சரவெடி கூடாது, ராக்கெட் கூடாது, வானத்தில் போய் விரியும் எதுவும் கூடாது. வெடிப்பது மட்டுமில்லை, கையில் வைத்திருப்பதே குற்றம்.

டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே 2017-க்கு முன் வெளிமாநிலத்தாருக்கு விற்ற பெரிய பட்டாசுகளை உள்ளூர்க்காரர்களுக்கு விற்க முடியாது. சட்டம் மாறிய பிறகு 18 வயதான யாரும் வாங்கலாம். கடைகள் எல்லையோரமாக இருக்கின்றன, நம் ஆட்களும் போகிறார்கள். கடைக்காரர் விற்பது சட்டப்படி சரி, நீங்கள் அங்கே வாங்குவதும் சரி. அதை வண்டியில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் நுழைந்ததும் சரியில்லை. "கடையிலேயே விக்கிறாங்களே" என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

சரி, பென்சில்வேனியாவிலேயே குடியிருப்பவர்களுக்கு? அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. எந்தக் கட்டடத்திலிருந்தும், எந்த வண்டியிலிருந்தும் 150 அடி தள்ளித்தான் கொளுத்த வேண்டும். அது உங்கள் சொந்த வீடாக, சொந்த வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். இடத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ் வீடுகளில் இருப்பவர்கள் வாசலில் நின்று யோசித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் 150 அடி நடந்தால் வீடும் வண்டியும் இல்லாத இடம் வரும்? சங்க விழாவுக்கு வந்த வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தைச் சொல்லவே வேண்டாம்.

மற்ற ஊர்கள் இன்னும் குழப்பம். மாசசூசெட்ஸில் தனியார் பட்டாசே கூடாது, கம்பி மத்தாப்பும் சேர்த்து. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் காசு கொடுத்து ரசீதோடு வாங்கி வந்தாலும் பறிமுதல் செய்வார்கள். நியூயார்க் மாநகரிலும் கம்பி மத்தாப்பு கூடாது. மேரிலாந்து மாநிலம் கம்பி மத்தாப்பை அனுமதிக்கிறது, ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் மாண்ட்கோமரி கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அனுமதிப்பதில்லை. டெக்சாஸில் சாலையோரம் கொட்டகை போட்டு விற்பார்கள். டாலஸ், பிளேனோ, ஃப்ரிஸ்கோ நகர எல்லைக்குள் அதே சாமானைக் கொளுத்தினால் அபராதம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் முழுத் தடை. நாலு பக்கமும் ஃப்ரீமாண்ட் சூழ்ந்த நியூவார்க் நகரில் மாநில முத்திரை பெற்ற வகைகளுக்கு அனுமதி உண்டு, அதுவும் ஜூலை 4-ஐ ஒட்டி விற்பனைக்கு விடும் சில நாட்களுக்குத்தான். ஐப்பசியில் வருகிற நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இத்தனையையும் ஒரு குடும்பம் தானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? போன வருடம் வந்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரே நீங்கள்தான். நீங்கள் மைதானத்தில் கொளுத்தவிட்டால், அது சரியான காரியம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு விழாவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை, எங்கேயும் நடப்பதுதான். சின்னப் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதுவரை ஒரு தவறும் இல்லை. அப்போது ஒருவர் வண்டியின் பின்கதவைத் திறந்து ஆயிரம் வாலாவை எடுத்து வந்தார். கூட்டம் கைதட்டியது. சரம் வெடித்து முடிந்து, காகிதக் குப்பை தரையில் சிவப்பாகக் கிடந்து, புகை இன்னும் கலையவில்லை, போலீஸ் வண்டி உள்ளே வந்துவிட்டது. சைரன் இல்லை, விளக்கு மட்டும் சுழன்றது. இறங்கி வந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், இந்த நிகழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்று. செயற்குழுவில் ஐந்தாறு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் முன்னால் போய், பட்டாசு சங்கத்துடையது இல்லை, யாரோ தனியாகக் கொண்டு வந்தது என்றார்.

என் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி, அவளுடைய பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பாட்டி திருநெல்வேலியிலிருந்து பேத்தியோடு தீபாவளி கொண்டாட வந்தவர். "அந்தப் போலீஸ்காரன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டார். அவள், "இங்க இது தப்பாம் பாட்டி" என்றாள். "தீவாளிக்கு வெடி வெடிக்கிறது தப்பாட்டி?" என்று பாட்டி கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று கையை இழுத்தாள். வாரம் தவறாமல் வகுப்பில் அவளுக்கு நம் பண்டிகைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். தீபாவளியை அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டது வேறு மாதிரி.

அந்த ஆயிரம் வாலாவைக் கொண்டு வந்தவரை நினைத்துத்தான் எனக்கு அன்று அதிகக் கவலை. நம்மில் எத்தனை பேர் எச்-1பி விசாவில் இருக்கிறோம், எத்தனை பேர் கிரீன் கார்டுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் பட்டாசு வைத்திருந்தால் நகராட்சி நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டி வரலாம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்திலும் குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், உங்களைக் கைது செய்திருக்கிறார்களா, உங்கள் மேல் எப்போதாவது வழக்கு எழுதியிருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். ஒரு சரவெடியால் விசா போய்விடும் என்று நான் யாரையும் பயமுறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுத முடியாமல் போவதும், அதற்காக வக்கீலிடம் போவதும், நீதிமன்றக் காகிதங்களைத் தேடி எடுப்பதும் எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாத தொல்லை. ஒரு வரி எச்சரிக்கை அழைப்பிதழில் இருந்திருந்தால் அவர் அந்தப் பின்கதவைத் திறந்திருக்க மாட்டார்.

போலீஸும் அபராதமும் ஒரு பக்கம். நம் ஆட்கள் அதிகம் யோசிக்காத ஒன்று பருவம். நமக்குத் தீபாவளி என்றால் மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும், வாசல் ஈரமாக இருக்கும், மழை விடுமா விடாதா, பட்டாசு நமுத்துப்போகுமா என்பதுதான் கவலை. மொட்டை மாடியும் தெருவும் சிமெண்ட், வீடு செங்கல். இங்கே அதே நாட்களில் மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டிருக்கும். தெரு ஓரமெல்லாம் காய்ந்த சருகு. வீடு மரச்சட்டத்தில் கட்டியது, வெளிச்சுவர் பிளாஸ்டிக் பலகை, ஜன்னலுக்குக் கீழே அழகுக்காகப் போட்ட மல்ச் என்கிற மரச்சீவல். எரிந்து முடிந்த கம்பியை ஒரு பிள்ளை அந்த மல்ச்சில் குத்திவிட்டுப் போய்விடும். தீ கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கனன்றுகொண்டே இருந்து, எல்லோரும் படுக்கப் போன பிறகு புகையும்.

2024 தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. நியூ ஜெர்சியில் பதிவான மாதங்களிலேயே மிக வறண்ட மாதம் அந்த அக்டோபர்தான். மாநிலம் முழுவதும் திறந்த வெளியில் தீ மூட்டக் கட்டுப்பாடு இருந்தது. அடுத்த வாரமே நியூயார்க் எல்லையோரம் ஜென்னிங்ஸ் கிரீக் பகுதியில் பிடித்த காட்டுத்தீ 5,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதற்கும் பட்டாசுக்கும் முடிச்சுப்போடவில்லை. அந்த மாதிரி நாட்களில் ஒரு ராக்கெட் எந்தப் புதரில் போய் விழும் என்று யாரால் சொல்ல முடியும் என்பதுதான் என் கேள்வி. அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வறட்சியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சங்கத்திலிருந்து ஒரு செய்தி வந்திருக்கலாம்.

குளிருக்குப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடும் ஃப்ளீஸ் சட்டையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பி மத்தாப்பின் நுனி 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் போகும். ஃப்ளீஸ் பாலியஸ்டர், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பட்டுப்பாவாடைக்கு மேல் அதைப் போட்டுவிட்டுக் கையில் மத்தாப்பைக் கொடுக்கிறோம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கிடையாது. ஊரில் அப்பா முதலில் கொண்டு வந்து வைப்பது அந்த வாளியைத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியென்றால் பட்டாசே வேண்டாம் என்கிறீர்களா அம்மா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எனக்குப் பட்டாசு பிடிக்கும். பேச்சை இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும், ஏனென்றால் இந்த நாட்டுச் சட்டங்கள் நமக்கும் இடம் கொடுக்க ஆரம்பித்திருக்கின்றன. அது நம் சங்கங்களில் பலருக்குத் தெரியவில்லை.

ஒஹாயோவைப் பாருங்கள். அங்கே பல வருடம் ஒரு விநோதமான ஏற்பாடு இருந்தது. பட்டாசு வாங்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோய்விடுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கொண்டுபோகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மக்களைப் பொய் சொல்ல வைக்கும் சட்டம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். 2021-இல் புதுச் சட்டம் நிறைவேறியது, 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தெந்த நாட்களில் பொதுமக்கள் பட்டாசு கொளுத்தலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஜூலை 4, சீனப் புத்தாண்டு, மெக்சிகோக்காரர்களின் சின்கோ டே மாயோ, அதே பட்டியலில் தீபாவளி. உள்ளூர் நகராட்சிகள் விலகிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது, கொலம்பஸ் நகரம் விலகிக்கொண்டது. ஆகவே கொலம்பஸில் இருப்பவர்கள் மாநிலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு வெடி வாங்கிவிட வேண்டாம்.

டெலவேர் மாநிலம் 2018-இல் கம்பி மத்தாப்பை அனுமதித்தபோது தீபாவளியையும் சேர்த்தே அனுமதித்தது. யூட்டா 2024-இல் தீபாவளியை மாநிலச் சட்டத்தில் எழுதி, அப்போது பட்டாசு கொளுத்தவும் வழி செய்தது. டெக்சாஸில் சான் ஆன்டோனியோ மாநகரம் 2009 முதல் தீபாவளி விழா நடத்துகிறது, வாணவேடிக்கையும் உண்டு. இவையெல்லாம் தானாக நடக்கவில்லை. யாரோ நம்மவர்கள் போய் உட்கார்ந்து, இது என்ன பண்டிகை, எப்போது வரும், ஏன் விளக்கும் வெடியும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

போய்ப் பேசும்போது நமக்கே உரிய இரண்டு சங்கதிகளையும் சொல்ல வேண்டும். நம் தீபாவளி விடியற்காலைத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, இருட்டு விலகும் முன் வெடிப்பது. பென்சில்வேனியாவில் காலை 10 மணிக்கு முன் வெடிக்கவே கூடாது. என் கருத்தைக் கேட்டால், விடியற்காலை வெடியை இங்கே விட்டுவிடலாம். அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்கள் தூங்குகிறார்கள், ஜூலை 4 போல அவர்கள் அதை எதிர்பார்த்து நாயை உள்ளே கட்டி வைப்பதும் இல்லை. இரண்டாவது, நம் விழா தீபாவளி அன்று நடப்பதே அபூர்வம். மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமையில் நடக்கிறது, சில வருடம் இரண்டு வாரம் தள்ளிக்கூட. ஒஹாயோ மாதிரிச் சட்டத்தில் "தீபாவளி" என்று இருந்தால் அந்தச் சனிக்கிழமை அதில் வராது. நாள் அனுமதியைக் கேட்கும்போதே அதை ஒட்டிய வார இறுதிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதைச் சொல்ல சங்கங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எங்கே போய்க் கேட்பது என்பதற்கு என் மனதில் முதலில் இருப்பது நியூயார்க் மாநிலம். மாநகருக்கு வெளியே பல கவுண்டிகளில் மத்தாப்பு வகை சட்டப்படி சரி. ஆனால் கடைகளில் விற்கும் காலம் ஜூன் 1 முதல் ஜூலை 5 வரை, பிறகு டிசம்பர் 26 முதல் ஜனவரி 2 வரை. தீபாவளி இரண்டிலும் வராது. கொளுத்தலாம், வாங்க முடியாது. ஐப்பசியிலும் ஒரு பத்து நாள் விற்க விடுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. குஜராத்திகளும் பஞ்சாபிகளும், நியூயார்க் மாநகரின் குயின்ஸ் பகுதியில் இருக்கும் இந்திய வம்சாவளிக் கயானா மக்களும் நம்மோடு சேர்ந்து கேட்பார்கள். அதோடு, வறட்சி எச்சரிக்கை இருக்கும் வருடம் அந்த அனுமதி தானாக ரத்தாகட்டும் என்றும் நாமே சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் நான் இதைக் கேட்க மாட்டேன். எல்லோருக்கும் ஒன்று போலக் கூடாது என்று அந்த மாநிலம் வைத்திருக்கிறது, ஜூலை 4-க்கும் விலக்கு கிடையாது. அது அவர்கள் முடிவு. அங்கே அகல் விளக்கு போதும்.

விழா மைதானத்துக்கு வருகிறேன். பெரிய வாணவேடிக்கை வேண்டுமென்றால் அதற்கு வழி தெளிவாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தை அமர்த்தி, டவுன்ஷிப் என்கிற உள்ளூராட்சியில் விண்ணப்பித்து, காப்பீட்டுப் பத்திரம் காட்டி, ஃபயர் மார்ஷல் என்கிற தீப் பாதுகாப்பு அதிகாரி வந்து இடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு நடத்துவது. செலவு ஆகும். சின்னச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது என்றால் நான்கு சங்கங்கள் சேர்ந்து ஒரு வேடிக்கை நடத்தலாம். அதுவும் முடியாவிட்டால், அனுமதி உள்ள ஊர்களில் கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் போதும். வண்டிகளிலிருந்து தள்ளி ஓர் இடம், நாலு வாளித் தண்ணீர், எரிந்த கம்பி போட ஒரு மணல் தொட்டி, பார்த்துக்கொள்ளச் சட்டையில் பெயர் அட்டை குத்திய இரண்டு பெரியவர்கள். முந்தின வாரமே ஃபயர் மார்ஷல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், மண்டபத்தாரிடம் எழுத்தில் சம்மதம், பக்கத்து வீடுகளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அப்படி ஒரு மாலையில் போலீஸ் வண்டி வந்தாலும் "யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு ஒருவர் முன்னால் வந்து "நான்தான்" என்று சொல்லலாம், கையில் காகிதம் இருக்கும்.

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவைக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆண்டு விழா பெரும்பாலும் ஜூலை 4-ஐ ஒட்டித்தான் வருகிறது, நாடே பட்டாசு கொளுத்தும் வாரத்தில். எல்லாச் சங்கங்களிலிருந்தும் ஆட்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஒரு மணி நேர அமர்வு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒருவர் தங்கள் மாநிலம், கவுண்டி, நகரம் மூன்றின் விதியையும் சரிபார்த்துக் கொண்டு வந்தால், தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே எல்லோர் கையிலும் ஒரு தமிழ்ப் பட்டியல் இருக்கும். அதில் நம் பெயர்களே இருக்கட்டும்: கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம், பாம்பு மாத்திரை, ராக்கெட், லட்சுமி வெடி, சரவெடி. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியும் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

நியூ ஜெர்சிக்கான பட்டியலை எழுத நான் தயார். எங்கள் டவுன்ஷிப்பின் ஃபயர் மார்ஷல் அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்து, ஆகஸ்ட் மாதத்துக்குள் இங்குள்ள சங்கங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். அதை இந்த வருட அழைப்பிதழில் சேர்ப்பதாக உங்களிடமிருந்து ஒரு பதில் வேண்டும்.

அன்புடன்,
நியூ ஜெர்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்